நிழலில் அளந்த வெப்பம்

அன்புள்ள ஐயா,

வரும் ஜூலையில் நானும் கணவரும் பதினான்கு வயது மகனும் இத்தாலி போகிறோம். அதில் இரண்டு நாள் சின்க்வே தெர்ரேவுக்கு. கடலோர மலைச்சரிவில் இருக்கும் அதன் ஐந்து ஊர்களையும் கடலோரப் பாதையில் நடந்தே பார்க்க வேண்டும் என்பது கணவரின் பிடிவாதம். நடுவில் ரயில் ஏறினால் அது ஏமாற்று வேலையாம். “வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாம், இத்தாலி வெயில் நம்மை என்ன செய்துவிடும்?” என்கிறார். வடக்கே மோன்தெரோஸ்ஸோவில் தொடங்குவதா, தெற்கே ரியோமஜ்ஜோரேவில் தொடங்குவதா? டிக்கெட், காலணி, தங்குமிடம் பற்றியும் சொல்லுங்கள். நீங்கள் அங்கே போய்வந்ததாக எப்போதோ எழுதியிருந்தீர்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

தங்குமிடம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் பக்கத்து நகரமான லா ஸ்பெத்ஸியாவில் தங்கி ரயிலில் போய்வந்தவன். டிக்கெட்டுக்கு, ரயிலையும் கட்டணப் பாதைகளையும் சேர்த்து ஒரே கார்டு உண்டு. தனியாகக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரை குத்திவிடுங்கள், இல்லையேல் அபராதம். ரப்பர் செருப்போடு மலைப்பாதையில் இறங்கினால் அதற்கும் அபராதம் உண்டு, நல்ல காரியம். இந்த மூன்றும் முடிந்தன.

என்னைப் பிடித்துக்கொண்டது உங்கள் கணவரின் அந்த ஒரு வரி. சென்ற மாதம் என் மருத்துவர், “காலை பத்துக்கு மேல் நடக்கப் போகாதீர்கள்” என்றார். “வெயிலில் பிறந்த உடம்பு டாக்டர் இது” என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த வசனம் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. முன்பு ஒருமுறை இதையே சொல்லி அவமானப்பட்டிருக்கிறேன், அதுவும் நீங்கள் போகப்போகிற அதே பாதையில்.

முதலில் கணவரைத் திட்டிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வெயில் பழக்கம் ரத்தத்தில் வருவதில்லை. வியர்வை சீக்கிரமே சுரக்கவும், அதில் உப்பு குறையவும், ரத்தத்தில் நீர் கூடவும் உடம்பு ஒன்றிரண்டு வாரமாவது தினமும் சூட்டில் உழைக்க வேண்டும். உழைப்பை விட்டால் சில வாரங்களில் அத்தனையும் கரைந்துபோகும். தாத்தா சம்பாதித்ததைப் பேரன் செலவழிக்க வழியே இல்லை. உங்கள் கணவர் கடைசியாக எப்போது நண்பகலில் மூன்று மணி நேரம் படியேறினார்? குளிரூட்டிய வீடு, குளிரூட்டிய கார், குளிரூட்டிய அலுவலகம் என்று இருப்பவர் வெயிலில் பிறந்தேன் என்று சொல்வது, ஆற்றங்கரையில் பிறந்ததால் நீச்சல் தெரியும் என்பதைப் போலத்தான். அந்தத் தாத்தாவும் உச்சிவெயிலில் மலை ஏறியவர் அல்லர். விடியுமுன் வயலில் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறியவர். வெயிலைப் பற்றி நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது, எப்போது ஒதுங்குவது என்பதுதான். அதை மறந்துவிட்டு வீறாப்பை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. வானிலை அறிக்கை 31 டிகிரி என்றால் அது நிழலில் காற்றோட்டமாக வைத்த வெப்பமானியின் கணக்கு. பாதையில் அந்த வெப்பமானி உங்களோடு வராது. அந்தக் கடற்கரை தென்மேற்குப் பார்த்தது. காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இருப்பதால் சரிவெல்லாம் நிழல். மதியத்துக்கு மேல் வெயில் நேராக மார்பில் அறையும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலையை வெட்டிப் படிப்படியாக அடுக்கிய திராட்சைத் தோட்டங்களின் கல்சுவர். வெயில் பட்டதிலிருந்து குடித்த சூட்டை அந்தச் சுவர் உங்கள் தோள்மேல் கக்கும். கடற்காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வடக்கிலிருந்து இரண்டாவது ஊரான வெர்னாத்ஸாவிலிருந்து அடுத்த ஊரான கோர்னீலியாவுக்கு நான்கு கிலோமீட்டர்கூட இல்லை, ஒன்றரை மணி நேர நடை என்றார்கள். ரயிலில் நான்கைந்து நிமிடம். பதினொன்றரைக்குக் கிளம்பினேன், கையில் அரை லிட்டர் பாட்டில். அதே வசனத்தை விடுதிக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவது என் வழக்கம். ஓரிடத்தில் எட்டுக்கு அப்புறம் என்ன வரும் என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் முன்கையில் மயிர் சிலிர்த்தது. அந்த வெயிலில் குளிர்கிறதே என்று சந்தோஷப்பட்டேன், முட்டாள். உடம்பு கைவிரிக்கத் தொடங்கியதன் அடையாளம் அது.

பிடிமானத்துக்காகச் சுவரில் கைவைத்தேன், சுட்டது. சற்றுத் தள்ளி, சுவர் இரண்டு முழ அகலத்துக்குச் சரிந்துகிடந்தது. சரிந்த கற்களை யாரோ பெரிது, நடுத்தரம், சில்லு என்று மூன்று குவியலாகப் பிரித்திருந்தார்கள். ஒரு சுத்தியல், இழுத்துக் கட்டிய ஒரு நூல். ஆள் இல்லை. அந்தப் பாதையில் அந்நேரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள், உள்ளூர் ஆள் ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வழியில் ப்ரேவோ என்ற சிற்றூர் இருக்கிறது, பாதையின் மிக உயரமான இடம் அதுதான். அங்கே ஒரு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளிருந்து ஒரு மூதாட்டி வந்தார். என்னைப் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, என் இரண்டு கைகளையும் முழங்கை வரை அதற்குள் அமுக்கினார். ஈரத் துணியைப் பிடரியில் போட்டார். அப்புறம் திட்டினார். கால் மணி நேரம் நிறுத்தாமல் திட்டினார். எனக்கு இத்தாலிய மொழி தெரியாது, ஆனால் என் அம்மா திட்டியதில் எந்த இடத்தில் மூச்சு வாங்குவாரோ அதே இடத்தில் அவரும் வாங்கினார். உப்பு தூவிய தக்காளியைத் தின்னவைத்த பிறகுதான் விட்டார்.

மறுநாள் விடிந்ததும் அந்தச் சுவரைப் பார்க்கவென்றே போனேன். ஆள் இருந்தார், அறுபது தாண்டியவர். கல்லை எடுப்பார், கையில் திருப்புவார், இடத்தைப் பார்ப்பார், மறுபடி திருப்புவார். சுண்ணாம்பு இல்லை, சிமென்ட் இல்லை. முகப்புக் கல்லுக்குப் பின்னால் சில்லுகளைத் திணித்தார், மழைநீர் வடிந்து போவதற்கு. நீரை மறித்தால் சுவர் வயிறு பிதுங்கிச் சரியும், வழிவிட்டால் நிற்கும். இந்தச் சுவர்களைச் சீனப் பெருஞ்சுவரோடு ஒப்பிட்டு ஒரு நீளக்கணக்குச் சொல்வார்கள், அதை விடுங்கள். ஒரு முழம் சுவருக்கு அவர் எத்தனை முறை குனிந்தார் என்பதுதான் நான் பார்த்த கணக்கு. இளையவர்கள் விட்டுப்போன தோட்டங்களில் சுவர் விழுகிறது, விழுந்த இடத்தில் மண் சரிகிறது, மண் சரிந்தால் நீங்கள் நடக்க நினைக்கும் பாதையே இல்லை. ஒன்பதரைக்குக் கருவிகளைச் சாக்கால் மூடிவிட்டு அவர் கீழே இறங்கினார், ரயில் நிலையத்தை நோக்கி.

ஆம், ரயிலை நோக்கி. அவருக்கு அது ஏமாற்று வேலையாகத் தோன்றவில்லை. 1874-ல் ரயில் வருவதற்கு முன் அந்த ஊர்களுக்குப் படகும் கோவேறு கழுதைப் பாதையும்தான். உங்கள் கணவர் படத்தில் பார்த்து ஆசைப்பட்டிருக்கக்கூடிய ‘காதல் பாதை’, ரியோமஜ்ஜோரேவுக்கும் பக்கத்து ஊரான மனரோலாவுக்கும் நடுவில் இருப்பது, ரயில் சுரங்க வேலையின்போது வெடிமருந்தை ஊருக்கு வெளியே வைக்க அமைத்த வழியிலிருந்து பிறந்ததுதான். 2012-ல் பாறை விழுந்து மூடியது, 2024-ல் திறந்தார்கள். அதற்குத் தனியாக நேரம் பதிவு செய்ய வேண்டும். மனரோலாவுக்கும் கோர்னீலியாவுக்கும் நடுவே கடலோரப் பாதை பல ஆண்டுகளாக மண்சரிவால் மூடிக்கிடக்கிறது. அங்கே நடக்க வேண்டுமானால் மேலே இருக்கும் வொலாஸ்த்ரா என்ற சிற்றூர் வழியாக மலை ஏறித்தான் இறங்க வேண்டும். எனவே ஐந்தையும் கடலோரமாக நடப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம்.

எங்கே தொடங்குவது என்றல்லவா கேட்டிருந்தீர்கள்? மோன்தெரோஸ்ஸோவில். விடிகாலை ரயிலில் போய், ஆறரைக்குப் படியேறத் தொடங்கினால் எட்டரை ஒன்பதுக்குள் வெர்னாத்ஸாவில் இறங்கிவிடலாம். கூட்டம் அதிகமான நாள்களில் இந்தப் பாதையைச் சில மணி நேரம் ஒருவழியாக்குகிறார்கள், கிளம்புமுன் அறிவிப்பைப் பாருங்கள். மறுநாள் காலை வெர்னாத்ஸாவிலிருந்து கோர்னீலியா. திரும்ப ரயில் ஏற அங்கிருந்து நிலையத்துக்கு ஏறக்குறைய 380 படிகள் இறங்க வேண்டும். நல்லவேளை, இறக்கம். பத்துக்கு மேல் கடலில் குளியுங்கள், தூங்குங்கள், ரயிலில் சும்மா போய்வாருங்கள். சுரங்கத்துக்கும் சுரங்கத்துக்கும் நடுவில் கடல் ஒரு நொடி பளிச்சிட்டு மறைவதைப் பார்க்கவே ஒரு மதியத்தைச் செலவிடலாம்.

யாராவது பேச்சு குழறினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ நிழலுக்கு இழுத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, 112-ஐ அழையுங்கள். கணவர் சும்மா விளையாடுகிறார் என்று நினைக்காதீர்கள்.

தண்ணீர் பாட்டிலை அவர் மூவருக்கும் சேர்த்து ஒன்றாகத் தூக்கி வருவதாகச் சொல்வார். விடாதீர்கள். பையனுக்குத் தனி பாட்டில், ஒரு லிட்டருக்குக் குறையாமல், அவன் முதுகிலேயே.