ரீடிங்கைக் குறைத்துச் சொல்லிவிட்டேன், இப்போது என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் சார். எங்கள் வீடு செங்கோட்டையில். கணவர் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து புனலூருக்கும் கொல்லத்துக்கும் காய்கறி லோடு ஓட்டுகிறார். நான் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். பகலில் வீடு பூட்டித்தான் கிடக்கும். கரண்ட் மீட்டர் கேட்டுக்கு உள்ளே இருப்பதால், ரீடிங் எடுக்க வருகிறவர் போனில் கேட்பார், நான் பார்த்துச் சொல்வேன். மாமியாருக்கு மருந்துச் செலவு கூடிப்போன ஒரு சமயம், 480 யூனிட் ஓடியிருக்க, 300 வருகிற மாதிரி குறைத்துச் சொல்லிவிட்டேன். அடுத்த தடவை சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. இப்படியே நான்கு பில் போய்விட்டது. இந்தத் தடவை நேரில் வந்துதான் பார்ப்பேன் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, “மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று புகார் கொடு” என்கிறார். தம்பியோ, “ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சொல்லிச் சமாளிக்கலாம்” என்கிறான். கையில் 4,000 ரூபாய் இருக்கிறது. கணவருக்குத் தெரியாது. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், செங்கோட்டை

பதில்: நீங்கள் வாயால்தான் குறைத்திருக்கிறீர்கள், மீட்டரில் கை வைக்கவில்லை. மீட்டரின் சீலை உடைத்தோ, வயரை மாற்றியோ இருந்தால் நான் எழுத வேண்டிய பதிலே வேறு. உங்கள் மீட்டர் ஓடியதை ஓடியபடி காட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு யூனிட்கூட எங்கும் போய்விடவில்லை. ஆக, நீங்கள் செய்தது மிச்சம் பிடித்தது அல்ல, கடன் வாங்கியது. அந்தக் கடனுக்கு என்ன வட்டி என்று பார்த்தீர்களா? நான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் என்றால், 2024 ஜூலைக் கட்டணப்படி உண்மையான பில்: முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.35 வீதம் 235 ரூபாய், அடுத்த 200க்கு 4.70 வீதம் 940, மீதி 80க்கு 6.30 வீதம் 504. மொத்தம் 1,679. நீங்கள் 300 என்று சொல்லிக் கட்டியது 705. தடவைக்கு 974 ரூபாய் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள், நான்கு தடவைக்கு 3,896.

இப்போது அவர் நேரில் வந்து பார்க்கிறார். தடவைக்கு 180 வீதம் மறைத்த 720, இந்த இரண்டு மாதத்து 480, ஆக 1,200 யூனிட் ஒரே பில்லில் விழும். 500ஐத் தாண்டியதும் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய், 101லிருந்து 400 வரை எல்லாமே 4.70. 501க்கு மேல் 8.40, 601க்கு மேல் 9.45, 801க்கு மேல் 10.50, ஆயிரத்தைத் தாண்டினால் 11.55. கூட்டினால் 9,180 ரூபாய். ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இந்தத் தடவை 1,679 மட்டும் கட்டியிருப்பீர்கள். மீதி 7,501 ரூபாயும் அந்த 3,896க்கான திருப்பிக்கட்டல். அதிகப்படி 3,605. முதல் தொகை எட்டு மாதம், கடைசித் தொகை இரண்டு மாதம், சராசரியாக ஐந்து மாதம் கையில் இருந்த பணத்துக்கு இது. மாதம் நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய்க்கு மேல் வருகிறது. பத்து வட்டிக்காரன் எவ்வளவோ தேவலை!

(உங்கள் கணவர் லோடு இறக்கும் புனலூரில் கேரள வாரியத்தின் கணக்கு இன்னும் கறார். அங்கே மாதம் 250 யூனிட்டைத் தாண்டிவிட்டால் இந்த அடுக்குக் கணக்கே கிடையாது, முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே விலை. நாத்தனார் யாராவது அந்தப் பக்கம் இருந்தால், இந்த யோசனை அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

சரி, தம்பி சொன்னது. கணக்கில் கெட்டிக்காரப் பையன்தான், 500க்குள் அடக்கினால் விலை குறைவு என்று புரிந்துவைத்திருக்கிறான். ஆனால் உங்கள் நிஜச் செலவே 480. நடுவில் இருப்பது 20 யூனிட். 720ஐ இருபது இருபதாகக் கரைக்க 36 பில், அதாவது ஆறு வருடம். ஆறு வருடமும் யாரும் அந்தக் கேட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. நடக்கிற காரியமா?

பக்கத்து வீட்டு அக்கா சொன்னது அதைவிட மோசம். புகார் கொடுத்தால் கட்டணம் வாங்கிக்கொண்டு மீட்டரைச் சோதிப்பார்கள். சரியாக ஓடுகிறது என்றுதான் முடிவு வரும். அப்புறம், நீங்கள் சொன்ன ரீடிங் ஏன் குறைந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. இப்போதைக்கு இது குறைத்துச் சொன்ன தப்பு. அந்த மனுவில் கையெழுத்துப் போட்டால், தெரிந்தே எழுதிக்கொடுத்த பொய்யாகிவிடும்.

அவர் வருவதற்கு முன்னால் நீங்களே போய்விடுங்கள். இதுதான் என் யோசனை. இருபது வருடமாகக் கடன் விவகாரங்களைப் பார்த்தவன் சொல்கிறேன், தானாக வந்து “இவ்வளவு பாக்கி” என்று சொல்கிறவரிடம் எந்த அதிகாரியும் பேசுகிற தொனி வேறு. நாளைக் காலையில் மீட்டரையும் சீலையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஈபி கார்டு, கடைசி நான்கு பில் ரசீதோடு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரை நேரில் பாருங்கள். முதலில் வாயால் சொல்லுங்கள், பிறகு மனு. மனுவில் கண்ணீர்க் கதை வேண்டாம், நான்கு வரி போதும்: “கடந்த நான்கு கணக்கீடுகளில் கதவு பூட்டியிருந்ததால் போனில் நான் சொன்ன ரீடிங் உண்மையைவிடக் குறைவு. இன்றைய ரீடிங் இது. கூடுதல் யூனிட்டுகளை அந்தந்தக் கணக்கீட்டுக் காலத்துக்குப் பிரித்துக் கணக்கிட்டு, வரும் தொகையைத் தவணையில் கட்ட அனுமதி கோருகிறேன்.” நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் ‘பிரித்துக் கணக்கிட்டு’ என்ற சொல்லில்தான் உங்கள் 3,605 ரூபாய் இருக்கிறது. ஐந்து கணக்கீட்டுக்கும் 480, 480 என்று பிரித்தால் 8,395. கட்டியது 2,820. பாக்கி 5,575 மட்டும். கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், தப்பு உங்கள் பக்கம் இருப்பதால் உரிமையாகக் கேட்கவும் முடியாது. ஆனால் கேட்காமல் யாரும் தரப்போவதில்லை.

போனில் ரீடிங் கேட்டவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் தலையில் கட்டிவிடாதீர்கள், அவரைக் காப்பாற்றக் கதையும் கட்டாதீர்கள். கேட்டால் நடந்தது நடந்தபடி.

பணத்துக்கு வருவோம். 5,575 என்று முடிந்தால் கையிலிருக்கும் நாலாயிரத்தை அன்றே கட்டிவிட்டு, மீதிக்குத் தவணை கேளுங்கள். 9,180 என்றே நின்றால் மூன்று தவணையாவது கேட்க வேண்டும். மகளிர் குழுவில் இருந்தால் அங்கே உள்கடன் வாங்கலாம். போனில் வருகிற கடன் ஆப் பக்கம் போகவே வேண்டாம். இந்தத் தொகைக்கு நகையை வைக்கவும் அவசியமில்லை. பணம் கட்டாவிட்டால் மறுநாளே ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவுப்படி 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்துத்தான் துண்டிக்க முடியும். இன்னொரு சின்னச் செலவுக்கும் தயாராக இருங்கள்: நிஜமான உபயோகம் பதிவானதும் கூடுதல் வைப்புத்தொகை கேட்டுக் கடிதம் வரலாம். அது அபராதம் இல்லை, உங்கள் கணக்கிலேயே இருக்கும், வட்டியும் உண்டு.

ஒருவேளை 126 அல்லது 135 என்ற பிரிவு எண்ணோடு நோட்டீஸ் வந்தால், அதற்கு நீங்களாகப் பதில் எழுத வேண்டாம். 126 என்பது முறைகேடான உபயோகம், இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். 135 மின் திருட்டு, அது கிரிமினல் வழக்கு. உங்கள் விஷயம் அங்கே போக வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம், ஆனால் நான் வக்கீல் இல்லை. பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார், 1987ஆம் ஆண்டுச் சட்டமே அப்படிச் சொல்கிறது. நோட்டீஸை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள்.

இனிமேலுக்கு: சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள், அல்லது மீட்டரை வெளியிலிருந்து தெரிகிற மாதிரி மாற்றித் தர மனு கொடுங்கள். நீங்கள் 500க்கு மிகப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதும் நினைவிருக்கட்டும். 501ஆவது யூனிட் ஓடினால் அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்க்கு மேல், சலுகை போன 235ஐயும் சேர்த்து. இரண்டு மாதம் முடிகிற கடைசி வாரம் ரீடிங்கை ஒரு தடவை பார்த்துவிட்டு மோட்டாரையும் இஸ்திரிப் பெட்டியையும் போடுங்கள்.

கணவரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மின்வாரியத்தில் பதிவு செய்திருப்பது யாருடைய போன் நம்பர்? அவருடையது என்றால், கணக்கெடுத்த உடனே தொகை எஸ்எம்எஸ்ஸாக அவருக்குத்தான் போகும். லோடு ஏற்றிக்கொண்டு புளியரை செக்போஸ்டில் நிற்கும்போது அதை அவர் படிக்க வேண்டாம். இன்று இரவு சாப்பிட்ட பிறகு, இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள்.