கந்தோர்ச் சிரிப்பும் குடியேறிகளின் ஊர்க்கதையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தையார் திருகோணமலைக் கடற்படை டொக்யார்டில் கிளாக்கராக இருந்தவர். அவர் சொன்ன வேலைத்தலக் கதைகளைக் கேட்டுச் சிரித்தே நாங்கள் வளர்ந்தோம். நானும் ஓய்வுபெற்றுவிட்டேன், வாசிக்க நேரம் இருக்கின்றது. கற்பனைக் கதையாக இல்லாமல் உத்தியோக வாழ்க்கையை நகைச்சுவையோடு ஆராயும் நூல்களில் எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், உப்புவெளி

பதில்: டொக்யார்ட் கிளாக்கர் ஒருவரின் பிள்ளைக்கு நான் தயங்காமல் முதலில் எடுத்துத் தரக்கூடிய நூல், நோர்த்கோட் பார்க்கின்சனின் ‘பார்க்கின்சனின் விதி’. 1955 நவம்பரில் ‘இக்கொனமிஸ்ட்’ இதழில் கட்டுரையாக வெளிவந்து, 1957இல் நூலாக விரிந்தது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகின்றதோ அவ்வளவு நேரத்தையும் அந்த வேலை தின்றுவிடும் என்ற அதன் முதல் வரியைப் பலரும் அறிவார்கள். அந்த வரியோடு நின்றுவிடுகின்றவர்கள் நூலின் சிறந்த பகுதியை இழக்கின்றார்கள். அவர் பிரித்தானியக் கடற்படையின் ஆட்கணக்கை எடுத்து நம் முன்னே விரித்து வைக்கின்றார். 1914க்கும் 1928க்கும் இடையில் சேவையிலிருந்த பெரும் போர்க்கப்பல்கள் 62இலிருந்து 20ஆகக் குறைந்தன. அதிகாரிகளும் மாலுமிகளும் 146,000 பேரிலிருந்து 100,000 பேராகக் குறைந்தார்கள். அதே காலத்தில் டொக்யார்டுகளின் அலுவலர்களும் எழுதுவினைஞர்களும் 3,249இலிருந்து 4,558ஆகவும், லண்டன் தலைமையகத்தின் அலுவலர்கள் 2,000இலிருந்து 3,569ஆகவும் பெருகினார்கள். குடியேற்ற நாடுகளுக்கான அலுவலகத்தின் கணக்கோ நமக்கு இன்னும் நெருக்கமானது. 1935இல் அங்கே 372 பேர் இருந்தார்கள். இலங்கை சுதந்திரமடைந்து அவர்களுடைய பொறுப்பிலிருந்து விலகி ஆறு ஆண்டுகள் கழிந்த 1954இல் 1,661 பேர் இருந்தார்கள்.

இதற்கு அவர் கூறும் காரணம் எளிமையானது. வேலைப்பளு கூடிவிட்டதாக உணரும் அலுவலர், தமக்குச் சமமான ஒருவரை நியமித்தால் அவர் நாளைக்குப் பதவி உயர்வில் போட்டியாளராகிவிடுவார் என்பதால், தமக்குக் கீழே இருவரைக் கேட்டுப் பெறுகின்றார். அந்த இருவரும் காலப்போக்கில் தமக்குக் கீழே இருவர் இருவராகக் கேட்கின்றார்கள். முன்பு ஒருவர் செய்த வேலையை இப்போது ஏழு பேர் செய்கின்றார்கள். ஏழு பேரும் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி, குறிப்பெழுதி, மாலையில் களைத்துப்போய் வீடு திரும்புகின்றார்கள். அவர்களில் ஒருவரையும் அவர் சோம்பேறி என்று ஏசவில்லை என்பதை நான் மிகவும் மதிக்கின்றேன். நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த கந்தோரில், ஓர் அலுமாரிப் பூட்டை மாற்றுவதற்கான கோவை நான்கு மேசைகளைச் சுற்றி, ஒவ்வொரு மேசையிலும் ஒரு கையெழுத்தைச் சேர்த்துக்கொண்டு ஐந்தாம் மாதத்தில் என்னிடமே திரும்பி வந்தது. அந்த நான்கு மேசைகளிலும் இருந்தவர்கள் நாள் முழுவதும் தலைநிமிராமல் எழுதியவர்கள். பார்க்கின்சனை வாசித்த பிறகுதான் அவர்கள்மீது எனக்கிருந்த கோபம் தணிந்தது.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். பார்க்கின்சன் அடிப்படையில் ஒரு கடற்படை வரலாற்றாசிரியர். சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். 1793 முதல் 1815 வரை கிழக்குக் கடல்களில் நடந்த போர்களைப் பற்றி 1954இல் ஒரு பெருநூல் எழுதினார். ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் நம் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றிய 1795ஆம் ஆண்டும் அந்தக் காலத்துக்குள்ளேயே அடங்குகின்றது. அவருடைய நகைச்சுவை நூல் வெளிவந்த அதே 1957இல்தான் திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியக் கடற்படை இலங்கையிடம் கையளித்தது. உங்கள் தந்தையார் சொன்ன கதைகளை அந்தக் கணக்குகளுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: ‘பீட்டர் தத்துவம்’ என்ற நூலையும் வாசிக்கலாமா?
– வாசகர், சீனக்குடா

பதில்: வாசிக்கலாம், ஆனால் பார்க்கின்சனுக்குப் பிறகு. லோரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் எழுதி 1969இல் வெளிவந்த அந்த நூல், திறமையாக வேலை செய்கின்றவர் தமக்குத் திறமை போதாத ஒரு படியை எட்டும் வரையில் பதவி உயர்த்தப்பட்டு, பிறகு அங்கேயே தங்கிவிடுகின்றார் என்று வாதிடுகின்றது. கருத்து கூர்மையானது, விரைவிலேயே முழுவதும் சொல்லப்பட்டுவிடுவதால் பிற்பகுதி தளர்ந்துவிடுகின்றது.

கேள்வி: என் மகள் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் குடும்பத்தோடு வசிக்கின்றாள். சென்ற ஆண்டு நான் போயிருந்தபோது, ஆற்றோரத்து ஊர்களின் பெயர்களும் கல்லறைகளின் எழுத்துகளும் ஜேர்மன் மொழியில் இருக்கக் கண்டேன். அந்த மக்களின் வட்டார வரலாற்றை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?
– வாசகி, சாம்பல்தீவு

பதில்: அம்மா, அந்த ஊர்களின் கதையே ஒரு புத்தகத்திலிருந்து தொடங்குகின்றது. கொட்ஃபிரீட் டூடன் என்ற சட்டம் படித்த ஜேர்மானியர் 1824 முதல் 1827 வரை மிசூரியில் ஒரு பண்ணையில் வாழ்ந்துவிட்டுத் திரும்பி, அந்த அனுபவத்தைக் கடிதங்களின் வடிவில் 1829இல் தாய்நாட்டில் வெளியிட்டார். மண்ணின் வளத்தையும், வரிச்சுமையில்லாத வாழ்வையும், மென்மையான குளிர்காலத்தையும் புகழ்ந்த அந்த நூலை வாசித்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். டூடன் வசதியுள்ளவர், காட்டை வெட்டக் கூலிக்கு ஆள் பிடித்தவர் என்பதை வாசித்தவர்கள் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை. வந்தவர்களில் பல்கலைக்கழகம் கண்டவர்களும் இருந்தார்கள். லத்தீன் செய்யுள்கள் அவர்களுக்கு மனப்பாடம். கோடரி பிடிக்கவோ மாடு கறக்கவோ தெரியாது. அக்கம்பக்கத்தவர் அவர்களுக்கு ‘லத்தீன் விவசாயிகள்’ என்று பெயர் வைத்தார்கள். 1837இல் டூடன் தம்முடைய பழைய நூலுக்காகத் தம்மையே குற்றஞ்சாட்டி, யோசியாமல் புறப்பட வேண்டாம் என்று எச்சரித்து மறுபடியும் எழுதினார். தாம் எழுதியது பிறரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அச்சில் ஒப்புக்கொண்ட எழுத்தாளர்கள் மிகச் சிலரே. அந்தச் செயலுக்காகவே அவரை நினைவில் வைத்திருக்கின்றேன்.

அதே 1837இல் பிலடெல்பியாவில் இயங்கிய ஜேர்மன் குடியேற்றச் சங்கம் ஒன்று மிசூரி ஆற்றங்கரையில் ஹெர்மன் என்ற ஊரை உருவாக்கியது. சங்கத்தார் தொலைவிலிருந்தபடியே அகன்ற தெருக்களைத் தாளில் வரைந்தார்கள். வந்து பார்த்தபோது நிலம் மேடும் பள்ளமுமாக இருந்தது. உழவுக்கு இணங்காத அந்தச் சரிவுகளில் முந்திரிகைக் கொடி வைத்து, வைன் செய்து பிழைத்தார்கள். 1920இல் வந்த மதுவிலக்கு அந்தத் தொழிலையும் முறித்தது. உங்கள் மகளின் வீட்டிலிருந்து போய்ப் பார்க்கக்கூடிய தூரமென்றால், அந்த ஊரின் வரலாற்றை வாசித்துவிட்டு அந்தச் சரிவுகளில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

மிசூரியைத் தாண்டி ஒரு பகுதியையும் நீங்கள் விட்டுவிடக் கூடாது. முதலாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கிய பிறகு, 1918இல் அயோவா மாநில ஆளுநர் பொது இடங்களிலும், ரயிலிலும், தொலைபேசியிலும், தேவாலயத்திலும் ஆங்கிலம் அல்லாத மொழி பேசக்கூடாதென்று அறிவித்தார். நெப்ராஸ்காவில் 1919இல் வந்த சட்டம், எட்டாம் வகுப்பை முடிக்காத பிள்ளைகளுக்கு வேற்று மொழி கற்பிப்பதைத் தடுத்தது. பத்து வயதுப் பிள்ளை ஒன்றுக்கு ஜேர்மன் மொழியில் விவிலியக் கதை படிப்பித்ததற்காக ரொபர்ட் மேயர் என்ற ஆசிரியர் தண்டிக்கப்பட்டார். 1923இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் பல வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளோடு தம் மொழியில் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் இந்தத் தீவில் வாழ்ந்த நமக்கு இந்தப் பகுதியை விளக்க எவரும் தேவையில்லை.

கேள்வி: இப்படிப்பட்ட ஊர் வரலாற்று நூல்களில் குடும்பப் பெருமைகளும் கலந்திருக்கின்றன. நம்பத்தக்கதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஆசிரியர், கிண்ணியா

பதில்: முதலில், அந்த நூல் மக்களை வெறுமனே ‘ஜேர்மனியிலிருந்து வந்தவர்கள்’ என்று சொல்கின்றதா என்று பாருங்கள். 1871க்கு முன் ஜேர்மனி என்ற ஒரே அரசு இல்லை. வந்தவர்கள் ஹெஸ்ஸன், மெக்லன்பர்க், வூர்ட்டம்பர்க், பிஃபால்ஸ் முதலிய நாடுகளின், பகுதிகளின் குடிகள். எந்தக் கிராமம், எந்தத் திருச்சபை என்று சொல்லாத நூலாசிரியர் பதிவேடுகளைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஹம்பர்க் துறைமுகத்தில் 1850 முதல் 1934 வரை கப்பலேறியவர்களின் பட்டியல்கள் பெரும்பாலும் இன்றும் இருக்கின்றன. பிரேமன் துறைமுகத்தின் பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எனவே பிரேமன் வழியாக வந்த குடும்பத்தைப் பற்றிக் கப்பலின் பெயரோடும் நாளோடும் ஒருவர் எழுதியிருந்தால், அதை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று கேட்க வேண்டும். நியூயோர்க்கின் குடிவரவு நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரிகள் எங்கள் குடும்பப் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையையும் எளிதில் நம்பாதீர்கள். அங்கே ஏற்கெனவே கப்பல் நிறுவனம் எழுதிக் கொண்டுவந்த பட்டியலை வைத்தே ஆட்களைச் சரிபார்த்தார்கள். அந்த நிலையம் திறக்கப்பட்டதே 1892இல்தான். ஜேர்மானியர் மிக அதிகமாக, சுமார் 250,000 பேர், வந்து இறங்கிய ஆண்டு 1882.

என்னுடைய சொந்தச் சோதனை ஒன்றும் உண்டு. ஊர்ப் பெரியவர்களின் படங்களுக்கு அப்பால், அந்த ஊரில் விடியற்காலையில் யார் எழுந்து என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு பக்கமாவது எழுதப்பட்டிருக்கின்றதா என்று தேடுவேன். கூலி, கருவி, கடன் புத்தகம், அறுவடைக்கு யாரை உதவிக்கு அழைத்தார்கள் என்ற விவரம் ஆகியவை இருந்தால் வாங்கிவிடுவேன்.

கேள்வி: நம் நாட்டுக்கும் இந்த ஜேர்மானியருக்கும் தொடர்பு உண்டா?
– மாணவி, மூதூர்

பதில்: நிறைய உண்டு. ஒல்லாந்தர் கம்பனியில் கூலிக்குப் படைவீரராகச் சேர்ந்த ஜேர்மானியர் பலர். நூரன்பர்க்கைச் சேர்ந்த யோஹான் யாக்கோப் சார் என்பவர் தம்முடைய 15 ஆண்டுக் கால சேவையை, அதில் இலங்கையில் கழித்த காலத்தையும் சேர்த்து, 1662இல் நூலாக வெளியிட்டார். ஆங்கிலேயக் கப்பலோட்டி ரொபர்ட் நொக்ஸ் உங்கள் கொட்டியார்க் குடாவில் 1660இல் பிடிபட்டு, பின்னர் எழுதிய நூல் வெளிவந்தது 1681இல். அதற்கும் முந்தியது சாரின் நூல். 18ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியின் ஹாலே நகரத்துக் கிறிஸ்தவ நிறுவனம் ஒன்று தரங்கம்பாடிக்கும் ஊழியர்களை அனுப்பியது, பென்சில்வேனியாவின் ஜேர்மன் குடியேறிகளிடமும் 1742இல் மூலன்பர்க் என்ற போதகரை அனுப்பியது. இரண்டு இடங்களிலிருந்தும் வந்த கடிதங்களை ஹாலேயில் அச்சிட்டார்கள். தரங்கம்பாடியில் ஊழியம் செய்த சீகன்பால்குவின் தமிழ்நாட்டுக் கடிதங்களும் அமெரிக்கக் குடியேறிகளின் வறுமையும் ஒரே ஊரின் அச்சகத்துக்குப் போயிருக்கின்றன.

கேள்வி: தமிழில், குறிப்பாக நம் நாட்டில், வேலையைப் பற்றிய சிரிப்பு எழுத்து இல்லையா?
– வாசகர், நிலாவெளி

பதில்: இருக்கின்றது, நூலாகத் தொகுக்கப்பட்டது குறைவு. 1964இல் சிவஞானசுந்தரம் தொடங்கிய ‘சிரித்திரன்’ இதழின் குறிக்கோள் வரியே ‘செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்’ என்பது. பழைய இதழ்களை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் தேடி வாசியுங்கள். அ. முத்துலிங்கத்தின் கட்டுரைகளில் வெளிநாட்டு உத்தியோக அனுபவங்கள் மெல்லிய நகையோடு வருகின்றன.

நாம் அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்கின்றோம், மேசையின் இழுப்பறையை ‘லாச்சி’ என்கின்றோம்; இரண்டும் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொற்கள். ஜேர்மன் வணிகரின் ‘கொன்டோர்’ என்ற சொல்லும் நம் கந்தோரும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்தக் கந்தோர்களில் இருந்தவர்கள் எதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்பதைத்தான் நாம் எழுதிவைக்கவில்லை. ஆகையால், முதற் கேள்வியைக் கேட்ட உப்புவெளி வாசகருக்கு என் வேண்டுகோள்: உங்கள் தந்தையார் சொன்ன கதைகளை, அவர் சொன்ன சொற்களிலேயே, ஒரு கொப்பியில் எழுதுங்கள். வேலை தொடங்க மணி அடித்த நேரம், சம்பளம் கொடுத்த நாள், மேலதிகாரிகளுக்கு வைத்த பட்டப்பெயர், படகில் போனாரா சைக்கிளில் போனாரா என்பது வரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரோடு வேலை செய்த எவரேனும் இன்றும் இருந்தால், அவரிடம் போவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.