விசா வரும்வரை என்ன செய்வது?

(2021 ஜூலையில் எழுதியது. இதில் வரும் கொரோனா காலத் தடைகளும் பயண, விசா விதிகளும் அன்றைய நிலவரம்.)

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு டெல்டா மாவட்டங்களில் ஜூலை 5 முதல் மறுபடி பஸ் ஓடுகிறது. மேட்டூர் ஜூன் 12-லேயே திறந்துவிட்டதால் குறுவை நடவும் சுறுசுறுப்பாக நடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் கணவனிடமோ பிள்ளையிடமோ போக வேண்டியவர்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். இந்த மாதக் கடிதக் கட்டில் முக்கால்வாசி விசாதான். நான் கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டே பாஸ்போர்ட், விசா மனுக்களை நிரப்பிக் கொடுக்கிறவன், வக்கீல் இல்லை. வழக்கு என்றால் வக்கீலைப் பாருங்கள். காகிதம் என்றால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவர் கிரீன் கார்டில் நியூ ஜெர்சியில் இருக்கிறார். 2019-இல் திருமணம். 2020 பிப்ரவரியில் மகள் பிறந்தாள். அவர் இன்னும் அவளைத் தூக்கியதில்லை. காகிதமெல்லாம் சரி என்று என்.வி.சி.யிலிருந்து மெயில் வந்தும் இண்டர்வியூ தேதி வரவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு எனக்குப் பிறகுதான் கல்யாணம். அவள் ஜனவரியிலேயே மும்பை போய் விசா வாங்கிவிட்டாள். ஐம்பதாயிரம் கொடுத்தால் தேதியை முன்னால் வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். எப்போது வேண்டுமானாலும் கிளம்ப வேண்டியிருக்கும் என்று டீச்சர் வேலையையும் விட்டுவிட்டேன். "எப்போ போறே?" என்று கேட்பவர்களுக்குப் பயந்து, விடிவதற்கு முன்பே எழுந்து கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.
— வாசகி, பாபநாசம்

பதில்: முதலில் அந்த ஏஜென்ட். அம்மா, ஒரு பைசா கொடுக்காதீர்கள். இந்த மாதம் இத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று மும்பை கான்சலேட் சொல்கிறது. அதற்கேற்ப அமெரிக்காவில் இருக்கும் என்.வி.சி., அதாவது நேஷனல் விசா சென்டர், தேதி போட்டு அனுப்புகிறது. நடுவில் ஆள் நுழைய இடமே இல்லை. தானாகத் தேதி வந்தால் "நான்தான் வாங்கித் தந்தேன்" என்பார். வராவிட்டால் "மேலே பேசிக்கொண்டிருக்கிறேன்" என்பார். இரண்டிலும் பணம் அவருக்கு.

எதிர்வீட்டுப் பெண்ணின் கணவர் அநேகமாக அமெரிக்கக் குடிமகனாக இருப்பார், விசாரித்துப் பாருங்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. 2020 மார்ச் 20-ஆம் தேதி உலகம் முழுக்க அமெரிக்கத் தூதரகங்கள் வழக்கமான விசா வேலையை நிறுத்தின. அந்த ஏப்ரலில் அன்றைய அதிபர் டிரம்ப், குடியேற வருகிறவர்களைத் தடுத்து ஓர் ஆணை போட்டார். குடிமக்களின் மனைவிக்கும் கணவனுக்கும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அதில் விலக்கு உண்டு. கிரீன் கார்டுக்காரரின் மனைவிக்கு இல்லை. 60 நாள் என்று சொன்ன ஆணை நீண்டுகொண்டே போய், 2021 பிப்ரவரி 24-ஆம் தேதி அடுத்த அதிபர் பைடன் ரத்து செய்த பிறகுதான் போனது. அதுவரை உங்கள் ஃபைலை எவ்வளவு நல்ல அதிகாரி எடுத்துப் பார்த்திருந்தாலும் விசா கொடுத்திருக்க முடியாது. உங்கள் பேரிலோ உங்கள் கணவர் பேரிலோ எந்தக் குறையும் இல்லை. இதை உங்கள் மாமியாரிடம் அப்படியே படித்துக் காட்டலாம்.

தடை போன பிறகும் ஏன் தேதி இல்லை? தேங்கிய ஃபைல்களை நான்கு படிகளாகப் பிரித்து எடுக்கப் போவதாக 2021 ஏப்ரல் 30-ஆம் தேதி அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. தத்துப் பிள்ளைகளும் 21 வயதைத் தாண்டவிருக்கிறவர்களும் முதல் படி. குடிமக்களின் மனைவி, கணவன், பெற்றோர் எல்லாம் இரண்டாவது. கிரீன் கார்டுக்காரரின் மனைவி, பிள்ளைகளுக்கான உங்கள் எஃப்2ஏ பிரிவு மூன்றாவது. அவர்கள் மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டின் பட்டியலில் உங்கள் பிரிவுக்கு நேரே 'சி' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். விசா இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள், உங்களை அழைக்க ஆள் இருக்கிறது என்று பொருளில்லை. இதற்கு நடுவே இரண்டாவது அலை வேறு வந்து இருந்த வேலையையும் சுருக்கிவிட்டது. அவசரமாகக் கேட்டுப் பார்க்கலாமா என்றால், உயிர் போகிற மருத்துவக் காரணம் போன்றவற்றுக்குத்தான் அந்த வழி. பிரிந்திருப்பதை அவர்கள் காரணமாக எடுப்பதில்லை. எனக்கும் இது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் நிலைமை அதுதான்.

உங்கள் கடிதத்தில் ஒன்றை மட்டும் கேட்கத் தோன்றியது. அவர் ஏன் இங்கே வரவில்லை? "போனால் திரும்ப விட மாட்டார்கள்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 2021 மே 4 முதல் இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அமெரிக்கா போட்டிருக்கும் தடை, ஹெச்-1பி என்னும் வேலை விசா, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்கு. கிரீன் கார்டுக்காரருக்கு அது பொருந்தாது. நாளைக்கே உங்களுக்கு இமிக்ரன்ட் விசா கிடைத்தாலும் உங்களுக்கும் பொருந்தாது. இரு நாடுகளும் தங்களுக்குள் பேசி வைத்து விடும் ஏர் பபிள் விமானங்கள் ஓடுகின்றன. வரும்போது 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சான்று, திரும்பும்போது விமானத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஒரு டெஸ்ட். லீவு கிடைத்தால் வந்து மகளைத் தூக்கிக்கொள்ளட்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்க வேண்டாம், அவ்வளவுதான்.

அவர் கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டு ஆகப்போகிறதா? குடியுரிமைக்கு மனு போடச் சொல்லுங்கள். கிடைத்ததும் என்.வி.சி.க்குத் தெரிவித்தால் நீங்கள் இரண்டாவது படிக்கு ஏறிவிடுவீர்கள். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது, பலர் மாட்டுகிறார்கள். இப்போது உங்கள் மகள் உங்கள் ஃபைலோடு ஒட்டிக்கொண்டு வருகிறாள். அவர் குடிமகன் ஆனதும் அந்த ஒட்டு அறுந்துவிடும். மகளுக்குத் தனியாக ஐ-130, அதாவது உறவினரை அழைக்கும் மனு, போட வேண்டும். போடாமல் விட்டால் தாய்க்கு விசா வந்து குழந்தைக்கு வராது.

காகிதங்களில் நீங்கள் இப்போது பார்க்க வேண்டியது தேதிகளை. பி.சி.சி., அதாவது போலீஸ் நன்னடத்தைச் சான்று, எடுத்து எவ்வளவு நாளாயிற்று? பழையதாகிவிட்டால் இண்டர்வியூவில் புதிது கேட்பார்கள். கணவரின் ஆதரவுப் பத்திரத்தோடு, அதுதான் ஐ-864, 2019 வரிக் கணக்கு வைத்திருந்தால் 2020 கணக்கையும் எடுத்துவையுங்கள். கொரோனாவில் அவர் வருமானம் குறைந்திருந்தால் கூட்டு ஜாமீனுக்கு ஓர் ஆளையும் பார்த்துவைக்கட்டும். மெடிக்கலை மட்டும் இப்போதே முடித்துவைக்காதீர்கள். விசாவின் ஆயுளே மெடிக்கல் தேதியோடு கட்டப்பட்டது, பொதுவாக ஆறு மாதம். தேதி வந்த பிறகு போனால் போதும்.

அப்புறம் வேலை. கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்த கொக்கின் கதை உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கவில்லை என்றாலும் ஆன்லைன் வகுப்பு நடக்கிறது, போய்க் கேளுங்கள். விசா கையில் வந்த பிறகு ராஜினாமா எழுத ஒரு நாள் போதும். கோலத்தையும் வெளிச்சம் வந்த பிறகே போடுங்கள். கேட்பவர்களிடம் "மூன்றாவது படியில் நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். புரியாமல் போய்விடுவார்கள்.

கேள்வி: நானும் மனைவியும் மகனோடு டெக்சாஸில் கிரீன் கார்டில் இருந்தோம். தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்குக்காக 2020 ஜனவரி கடைசியில் வந்தோம். மார்ச் கடைசியில் திரும்ப டிக்கெட், விமானம் ரத்தானது. பிறகு மனைவிக்கு இதய ஆபரேஷன், எனக்குக் கொரோனா. இப்போது ஓராண்டு தாண்டிவிட்டது. கார்டு 2027 வரை செல்லும். நேரே விமானம் ஏறலாமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: ஐயா, கார்டில் அச்சிட்ட தேதி வேறு, கார்டைக் காட்டி உள்ளே போகும் உரிமை வேறு. தொடர்ந்து ஓராண்டு வெளியே இருந்துவிட்டால் அந்தக் கார்டை மட்டும் நம்பிப் போக முடியாது. விமான நிறுவனமே ஏற்ற மறுக்கலாம். உங்களுக்கான வழி எஸ்பி-1 என்னும் திரும்பி வருவோர் விசா. டிஎஸ்-117 படிவத்தில் கான்சலேட்டில் விண்ணப்பிக்க வேண்டும். திரும்பும் எண்ணத்தோடுதான் வந்தோம், எங்கள் கையை மீறிய காரணத்தால் நின்றுவிட்டோம், இந்த இரண்டையும் நிரூபிக்க வேண்டும்.

முதலாவது உங்களுக்குச் சுலபம். பிப்ரவரி 5-ஆம் தேதி குடமுழுக்கு, மார்ச் கடைசியில் டிக்கெட், மார்ச் 22 முதல் சர்வதேச விமானங்களை இந்தியா நிறுத்தியது. ரத்தான டிக்கெட்டின் மெயிலைத் தேடி எடுங்கள். மகன் வீட்டு முகவரியில் உள்ள வங்கிக் கணக்கு, அமெரிக்க வரிக் கணக்கு, இன்ஷூரன்ஸ், எது இருந்தாலும் சேருங்கள்.

இரண்டாவதில்தான் அதிகாரி உங்களைப் பிடிப்பார். "2020 ஜூலையிலிருந்து ஏர் பபிளில் அமெரிக்காவுக்கு விமானம் இருந்ததே, ஏன் போகவில்லை?" இதற்கு "பயமாக இருந்தது" என்று சொன்னால் நிற்காது. ஆபரேஷன் தேதி, டிஸ்சார்ஜ் சம்மரி, இத்தனை மாதம் நீண்ட பயணம் கூடாது என்று டாக்டர் எழுதிய கடிதம், உங்கள் கொரோனா ரிப்போர்ட். ஒரு வெள்ளைத்தாளில் மாதவாரியாக எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் நேரே ஒரு காகிதத்தை வையுங்கள். காகிதம் இல்லாத மாதம் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த மாதத்துக்கான பதிலை யோசித்துவைத்துக்கொண்டு போங்கள்.

கார்டை ஒப்படைக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் ஐ-407 படிவத்தை யாராவது நீட்டினால் யோசிக்காமல் கையெழுத்து போட வேண்டாம். எஸ்பி-1 கிடைக்காமல் போனாலும் கதவு மூடிவிடாது. மகன் குடிமகனாக இருந்தால் பெற்றோருக்குப் புதிதாக மனு போடலாம்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் பெரிய கோயில் பற்றி ஒன்றரைப் பக்கம், டெக்சாஸ் பற்றி ஒரு வரி. உண்மையில் அங்கே வாழப் போகிறீர்களா, பேரனைப் பார்த்துவிட்டு வந்தால் போதுமா? பார்த்துவிட்டு வருவதற்கு சுற்றுலா விசா இருக்கிறது. மகனுக்காக கிரீன் கார்டைக் கட்டிச் சுமக்கும் பெற்றோர் நம் பக்கத்தில் நிறைய. இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டு டிஎஸ்-117-ஐத் தொடுங்கள்.

கேள்வி: ஹெச்-1பியில் இருக்கிறேன். ஏப்ரலில் அப்பா உடம்பு மோசமாகி வந்தேன். மே மாதம் காலமானார். அமெரிக்கத் தடையில் மாட்டிக்கொண்டேன். பாஸ்போர்ட்டில் விசா 2022 வரை இருக்கிறது. மனைவியும் அங்கேயே பிறந்த நான்கு வயது மகனும் கலிபோர்னியாவில்.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: அப்பாவின் மறைவுக்கு என் வருத்தங்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே உங்களுக்கான வழி இருக்கிறது. திருமணமாகாத, 21 வயதுக்குட்பட்ட அமெரிக்கக் குடிமகனின் பெற்றோருக்கு இந்தத் தடையில் விலக்கு உண்டு. மகன் அங்கே பிறந்தவன், குடிமகன். அவனுடைய அமெரிக்கப் பாஸ்போர்ட் நகல், உங்கள் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் மனைவியிடம் வாங்கி, விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே மெயில் அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். செக்-இன் கவுன்ட்டரில் இருக்கும் ஊழியருக்கு இந்த விதி தெரியாமல் இருக்கலாம். அந்தப் பதில் அப்போது உதவும்.

இதே நிலையில் குழந்தை இல்லாதவர்களும் எழுதியிருக்கிறார்கள். தடையே, கடைசி 14 நாளில் இந்தியாவில் இருந்தவர்களுக்குத்தான். அதனால் வேறொரு நாட்டில் 14 நாள் தங்கிவிட்டுப் போகிறார்கள். நம்மை உள்ளே விடும் நாடு எது என்பது வாரத்துக்கு வாரம் மாறுகிறது, செலவும் அதிகம். பாஸ்போர்ட்டில் விசா முடிந்துபோனவர்களுக்கு இது பயன்படாது. முதலில் ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் புது விசா, ஆக வேண்டும்.

கேள்வி: கனடா பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) கிடைத்து, அதை உறுதிப்படுத்தும் சி.ஓ.பி.ஆர். காகிதமும் வந்தது. போவதற்குள் அது காலாவதி ஆகிவிட்டது. ஜூன் 21 முதல் போகலாம் என்கிறார்களே?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: செல்லுபடியாகும் சி.ஓ.பி.ஆர். உள்ளவர்கள் போகலாம். உங்களுடையது முடிந்துவிட்டதால் கனடா குடிவரவுத் துறையிடமிருந்து புதிது வரும்வரை டிக்கெட் போடாதீர்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானங்கள் 2021 ஏப்ரல் 22 முதல் நின்றிருக்கின்றன. வேறு நாடு வழியாகப் போனால் கொரோனா டெஸ்ட்டை அந்த நாட்டிலேயே எடுக்க வேண்டும். இங்கே எடுத்தது செல்லாது.

கேள்வி: சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட். திரும்பிப் போக என்ட்ரி அனுமதி வாங்கித் தர ஏஜென்ட் பணம் கேட்கிறார்.
— வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் உங்கள் முதலாளி. 2021 ஏப்ரல் 23 இரவிலிருந்து இந்தியாவில் இருந்து வருகிற பெர்மிட்காரர்களை சிங்கப்பூர் எடுப்பதில்லை. இல்லாத அனுமதிக்கு எதற்குப் பணம்? கம்பெனிக்கு மெயில் போட்டு, பெர்மிட்டை ரத்து செய்யாமல் வைத்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: மகள் அமெரிக்கக் குடிமகள் ஆகி எனக்கு மனு போட்டிருக்கிறாள். நான் 1958-இல் வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்தில் வீட்டில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழ் இல்லை. பள்ளிச் சான்றிதழும் கஜா புயலில் கூரையோடு போய்விட்டது. இப்போது அலையாமல், விசா தேதி வந்ததும் பார்த்துக்கொள்ளலாமா?
— வாசகி, நாகப்பட்டினம்

பதில்: இப்போதே அலையுங்கள் அம்மா. அலைய நேரம் இருப்பது இப்போதுதான். உங்கள் வயதுக்காரர்களுக்குப் பதிவு இல்லாதது அமெரிக்கர்களுக்குத் தெரிந்த விஷயமே. பிறப்பைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் தேடச் சொல்லி மனு கொடுத்து, பதிவு கிடைக்கவில்லை என்ற சான்றை வாங்குங்கள். "இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். முத்திரையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். படித்த பள்ளி இன்னும் இருந்தால் அட்மிஷன் ரிஜிஸ்தரில் இருந்து பிறந்த தேதியை எடுத்துத் தருவார்கள். புயல் உங்கள் காகிதத்தைத்தான் கொண்டுபோனது, பள்ளியின் ரிஜிஸ்தர் தப்பியிருக்கலாம்.

கூடவே உங்களைவிட மூத்த நெருங்கிய உறவினர் இருவரிடம் நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். பிறந்த தேதி, ஊர், அப்பா அம்மா இருவர் பெயர், அவருக்கு நீங்கள் என்ன உறவு, இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும், அத்தனையும் அதில் வர வேண்டும். "பிரசவத்தின்போது நான் அந்த வீட்டில் இருந்தேன்" என்று எழுத முடிகிற அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் அவரை முதலில் பிடியுங்கள். பெயர்கள் உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்திலேயே இருக்கட்டும். இனிஷியல் போட்டு முடித்துவிடாமல் அப்பா பெயரை முழுசாக எழுதச் சொல்லுங்கள். வயதானவர்கள் என்பதால் நோட்டரியை வீட்டுக்கே அழைத்துப் போய்விடுங்கள், ஆட்டோ செலவு உங்களுடையது.