நமத்த பொடியும் செத்த பொடியும்

காட்பாடியில் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் கொம்புச்சா, இஞ்சி சோடா, ஸ்குவாஷ் என்று ஏதாவது ஒன்று ஜாடியில் இருந்துகொண்டே இருக்கிறது. ஜாடிகளையும் பாட்டில்களையும் கழுவுகிற பொடிகளை மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். இந்தப் பொடிகளில் சில, வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்கென்று விற்பவை. நம் ஊரில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. எனவே பீர் பற்றிய கேள்விகளை எடுத்து வைத்துவிட்டு, பொடி பற்றியவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி: ஐயா, சோடியம் பெர்கார்பனேட் ஒரு கிலோ வாங்கி, காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் கொட்டி இறுக மூடி வைத்தேன். ஐப்பசி மழைக்குப் பிறகு பார்த்தால் கட்டி கட்டியாக இருக்கிறது. வீணாகிவிட்டதா?

முதலில் அந்த மூடியைத் தளர்த்துங்கள் அம்மா. முகத்தை விலக்கிக்கொண்டு, மெதுவாக.

பெர்கார்பனேட் என்பது சலவை சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த படிகம். ஈரமோ சூடோ பட்டால் சோடாவாகவும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். பிரியும்போது சூடும் எழும், அந்தச் சூடு மேலும் பிரிக்கும். ஒரு கிலோவும் முழுதாகப் பிரிந்தால் 100 லிட்டர் அளவுக்கு ஆக்சிஜன் வெளிவரும். அத்தனையும் ஜாடிக்குள் எங்கே போகும்?

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். முதல் வருடம் எவர்சில்வர் சம்படத்தில் அழுத்தி மூடிப் பரணில் வைத்தேன். போதாததற்கு ஈரக் கரண்டியால் அள்ளிய பழக்கம் வேறு. ஒரு விடியற்காலையில் மூடி பறந்து கூரையில் மோதிய சத்தத்தில் தெருநாய்கள் குரைத்தன. உள்ளே பொடி கஞ்சி போல் கொழகொழவென்று, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. இரும்பு, செம்பு போன்ற உலோகத் துணுக்குகள் கலந்தால் சிதைவு இன்னும் வேகமாகும்.

இப்போது நான் செய்வது இது: வாங்கியவுடன் 200 கிராம் வீதம் கெட்டியான பிளாஸ்டிக் உறைகளில் பிரித்து, வாயை மடித்துக் கிளிப் போடுகிறேன். எல்லாவற்றையும் ரப்பர் வளையம் இல்லாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு வைக்கிறேன். ஒரு நேரத்தில் ஓர் உறை மட்டுமே திறக்கும். வெளியே தூறல் போடும் நாளில் அதுவும் திறக்காது. அள்ள உலர்ந்த பிளாஸ்டிக் கரண்டி. வெல்லம், எண்ணெய், மரத்தூள் எதுவும் பக்கத்தில் கிடையாது, ஏனென்றால் இது தீயை வளர்க்கும் பொருள். ஏற்கெனவே நனைந்துவிட்ட பொடியைத் திரும்ப மூடி வைக்கவே கூடாது. அன்றே வாளித் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் நிறைய தண்ணீர் விட்டுச் சாக்கடையில் ஊற்றுங்கள்.

அதே சகோதரி: என்னுடைய கட்டிகள் காய்ந்துதான் இருக்கின்றன. உயிர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சமையலறையிலேயே பார்த்துவிடலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பொடியைக் கரையுங்கள். தோல் சீவிய பச்சை உருளைக்கிழங்கில் ஒரு வில்லை நறுக்கிப் போடுங்கள். கிழங்கில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை உடைக்கும். பொடி நல்லதாக இருந்தால் வில்லையைச் சுற்றி வெள்ளை நுரை பொங்கி ஏறும், வில்லையே மேலே மிதந்து வருவதும் உண்டு. இரண்டொரு குமிழி மட்டும் வந்தால் பொடி செத்துவிட்டது. வேகவைத்த கிழங்கைப் போட்டுவிட்டு நுரை வரவில்லை என்று எழுதாதீர்கள், வெந்தால் நொதி போய்விடும்.

செத்த பொடியையும் எறிய வேண்டாம். மிஞ்சியிருப்பது சலவை சோடாதான், தரை துடைக்கலாம்.

ஆம்பூர்: எலுமிச்சை உப்பு கல்லாக இறுகிவிட்டது.

உடைத்துப் பயன்படுத்துங்கள். எலுமிச்சை உப்பு என்கிற சிட்ரிக் அமிலம் நமத்துப் போகும், சாகாது.

வாலாஜாபேட்டை: தகரக் கொட்டகையில் சலவை சோடா படிகம் வைத்திருந்தேன். சித்திரை வெயிலில், ஒரு சொட்டு மழை இல்லாதபோது, மூட்டை நனைந்து ஒழுகுகிறது. கடைக்காரர் தண்ணீர் தெளித்து விற்றுவிட்டாரோ?

கடைக்காரர் மேல் பழி வேண்டாம். தண்ணீர் படிகத்துக்குள்ளேயே இருந்தது. பளிங்கு போன்ற அந்தச் சோடாவின் எடையில் 63 சதவீதம் தண்ணீர். 33 டிகிரி வாக்கில் தன் நீரிலேயே தான் கரையத் தொடங்கும். நம் பக்கம் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, தகரத்துக்குக் கீழே கேட்கவே வேண்டாம்.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. காய்ந்த காற்றில் திறந்து கிடந்தால் படிகம் நீரை இழந்து வெள்ளை மாவாக உதிரும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டுகிறார்கள். உண்மையில் அப்போதுதான் அதற்குக் காரம் அதிகம். 100 கிராம் படிகத்தின் வேலையை நீர் முழுதும் போன 37 கிராம் பொடி செய்துவிடும். கரண்டிக் கணக்கை விட்டுவிட்டுத் தராசில் நிறுங்கள்.

ஆற்காடு, கோலி சோடா தயாரிப்பவர்: பிளீச்சிங் பவுடரையும் எலுமிச்சை உப்பையும் ஒரே பலகையில், மேலும் கீழுமாக வைத்திருக்கிறேன். பலகையின் ஆணிகள் துருப்பிடித்து உதிர்கின்றன.

தம்பி, அந்த ஆணிதான் உங்களுக்கு எச்சரிக்கை. ஈரம் ஏறிய பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரினை விட்டுக்கொண்டிருக்கிறது, ஆணியை அரித்தது அதுதான். அதன்மேல் எலுமிச்சை உப்புக் கரைசல் சிந்தினால் குளோரின் வாயு மொத்தமாகக் கிளம்பும். மூடிய சிறு அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும். பெர்கார்பனேட்டோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கக் கூடாது. பிளீச்சிங் பவுடருக்குத் தனி இடம், நிழல், பிளாஸ்டிக் வாளி. இன்றே மாற்றுங்கள். மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் வாங்குங்கள், அதன் வீரியம் நாளுக்கு நாள் இறங்கும். பழசானதை அதே அளவில் கலக்கிவிட்டுக் கிருமி போய்விட்டது என்று நம்புவதுதான் பெரிய ஆபத்து.

ராணிப்பேட்டை, தோல் தொழிற்சாலை ஊழியர்: எங்கள் கிடங்கில் மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல் அடுக்குவோம். வீட்டுக்கும் அது தேவையா? ஈரம் இழுக்க அரிசி போடலாமா, சுண்ணாம்பு போடலாமா?

சிமெண்ட் தரையும் வெளிச்சுவரும் ஓதம் ஏறுகிற இடங்கள். நான்கு விரற்கடை உயரமும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியும் இருந்தால் போதும். 2021 நவம்பரில் பாலாறு பெருகி வந்த வாரத்தில் என் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தவை எல்லாம் கட்டி, மேல்தட்டில் இருந்தவை மணல் போல உதிர்ந்தன.

அரிசி பெயருக்குத்தான். சுட்ட சுண்ணாம்புக் கல் நன்றாகவே உறிஞ்சும், ஆனால் சூடாகும், உப்பிப் பொடியாகும். சூடு ஒத்துக்கொள்ளாத பெர்கார்பனேட்டின் பக்கத்தில் அது வேண்டாம். சிலிகா ஜெல்லே நல்லது. உங்கள் பக்கத்து ஷூ பெட்டிகளில் வருமே, அதுதான். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த பொட்டலம் பெரும்பாலும் ஏற்கெனவே நிறையக் குடித்திருக்கும். மணிகளைத் தட்டில் பரப்பி 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் வேலை செய்யும். நீலமாக இருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் இருக்கிறது, அதைச் சமைக்கிற அடுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஏலகிரி: குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

வேண்டாம். வெளியே எடுத்துத் திறந்த மறுகணமே பனி வியர்க்கும்.

பேரணாம்பட்டு: மாம்பழ ஸ்குவாஷுக்குப் போடும் கே.எம்.எஸ். போன வருடம் திறந்தது. அளவு மாற்றவில்லை, ஆனாலும் இந்த முறை ஸ்குவாஷ் நுரைத்துவிட்டது.

கே.எம்.எஸ். என்ற பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டின் எடையில் 57 சதவீதம், ஸ்குவாஷை நுரைக்காமல் காக்கும் கந்தக டையாக்சைடாக வெளிவரக் கூடியது. காற்றும் ஈரமும் பட்டால் அது குறைந்துகொண்டே போகும், வெள்ளைப் பொடியின் தோற்றம் மட்டும் மாறாது. பெர்கார்பனேட்டுக்குச் சொன்ன தளர்ந்த மூடி இதற்குப் பொருந்தாது. சின்னப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, இறுக்கி மூடுங்கள். 50 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்க வேண்டாம், ஆஸ்துமா உள்ளவர்கள் சுத்தமாகவே கூடாது.

ஆரணி: அடைத்த குழாய்க்கு வாங்கிய காஸ்டிக் சோடா மீதமாகி, பழைய அலுமினியத் தூக்கில் போட்டு வைத்திருக்கிறேன் அண்ணா. தூக்கு வெளியே வியர்த்தது போல் இருக்கிறது.

எழுந்து போய் அதை முற்றத்துக்குக் கொண்டுவாருங்கள், ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. காஸ்டிக் சோடா காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரையும், கரைந்தால் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனை வெளிவிடும். பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது. உலர்ந்த பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிப் பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டுங்கள். அந்தத் தூக்கில் இனி யாருக்கும் பால் வாங்கி வர வேண்டாம்.