விட்கென்ஸ்ரைன் வலியே இல்லை என்கிறாரா?

பெட்டிக்குள் வண்டு உதாரணத்தை வாசித்தால், ‘மெய்யியல் ஆய்வுகள்’ நூலில் மெய்யியலாளர் லுட்விக் விட்கென்ஸ்ரைன் மனசுக்குள் நடப்பதையெல்லாம் மறுப்பதாகத் தெரிகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் மெய்யியல் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். பரீட்சையிலும் அப்படியே எழுதினேன். அது பிழை.

293ஆம் பத்தியில் ஆளுக்கொரு பெட்டி இருக்கிறது; உள்ளே இருப்பது, அவரவர் வலி போல, அவரவர்க்கு மட்டுமே தெரியும். உள்ளே இருப்பதை எல்லாரும் ‘வண்டு’ என்கிறார்கள். அடுத்தவர் பெட்டிக்குள் பார்க்க முடியாது. அது வெறும் பெட்டியாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்தச் சொல் புழங்கினால், உள்ளே இருப்பதற்கு அந்தப் பேச்சில் வேலையே இல்லை. பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பத்தியின் கடைசி வாக்கியமோ ஒரு நிபந்தனையோடு வருகிறது: வலி என்ற சொல்லை ஒரு பொருளுக்கு ஒட்டிய பெயராக எடுத்தால்தான் அப்படி ஆகும். அவர் தள்ளுவது அந்த எடுகோளைத்தான். 304இல் இன்னும் தெளிவு: உணர்வு ஒரு ‘ஏதோ’ அல்ல, ஆனால் ‘ஒன்றுமில்லை’யும் அல்ல.

எனக்கு இது பிடிபட்டது ஒருநாள் கிணற்றடியில். அக்காவின் மகள் சறுக்கி விழுந்து முழங்காலை உரசிக்கொண்டு வீரிட்டாள். அம்மா தூக்கி, “எங்க நோகுது குஞ்சு?” என்று ஊதிவிட்டார். சில நாள் கழித்துக் கதவில் விரல் பட்டபோது பிள்ளை கத்தவில்லை, “நோகுது” என்றாள். 244இல் இருப்பது இதுதான்: அழுகையின் இடத்துக்கு சொல் வருகிறது. உள்ளே எட்டிப் பார்த்து ஒன்றுக்குப் பெயர் வைக்க அவளை யாரும் பழக்கவில்லை. அதற்காக அவளுக்கு நோகவில்லை என்று யார் சொல்வார்கள்?

அப்புறம், வாசிக்கும் முறை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைக்குப் பரபக்கம், தன் கொள்கைக்குச் சுபக்கம் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. விட்கென்ஸ்ரைனிடமோ இரண்டும் ஒரே பத்திக்குள் கலந்து கிடக்கும். மேற்கோள் குறியோ ஒரு கோடோதான் அடையாளம்; சில இடங்களில் அதுவும் இல்லை. எதிராளியின் வாக்கியத்தை ஆசிரியரின் முடிவாக எடுத்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

243 முதல் 315 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். பிறகு பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் யார் பேசுகிறார் என்று குறித்துக்கொண்டு திரும்ப வாசியுங்கள். நான் அப்படிச் செய்த பிறகுதான் 304 என் கண்ணிலேயே பட்டது.