புல்லட் டேங்க் ஒழுகுகிறது: மாற்றவா, அடைக்கவா?

கேள்வி: அப்பா 1986இல் வாங்கிய புல்லட். ராத்திரி நிறுத்தினால் காலையில் டேங்க் அடியில் பெட்ரோல் ஈரம். இடது பக்க அடிப்பகுதியில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. மெக்கானிக் புது டேங்க் போடச் சொல்கிறார். வெல்டிங் கடையில் அரை மணி நேரத்தில் அடைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கையால் இழுத்த தங்கக் கோடு அழியக் கூடாது. என்ன செய்யலாம்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: எதற்கும் முன்னால், ஒழுகுவது டேங்க்கா, அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பா என்று பாருங்கள். பெட்ரோல் கசிந்த இடத்திலேயே சொட்டாது, மடிப்பைப் பிடித்து ஓடித் தாழ்வான இடத்தில்தான் சொட்டும். அடிப்பகுதியைத் துடைத்துக் காயவைத்து, சாக்பீஸ் தூளைப் பூசிவிட்டுக் காத்திருங்கள். முதலில் எது நனைகிறதோ அங்கேதான் கசிவு. டேப் மரையைச் சுற்றி நனைந்தால், பெட்ரோலை வடித்துவிட்டு வாஷரை மாற்றினால் போதும்.

பெயிண்ட் கொப்பளித்திருப்பதைப் பார்த்தால் துரு உள்ளிருந்து அரித்திருக்க வாய்ப்பு அதிகம். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்பதால் உள்ளே சேரும் தண்ணீர் அந்த மூலையில்தான் தங்கும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் படியும். மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் டேங்க் ஓட்டையாவது பெரும்பாலும் இப்படித்தான்.

அந்த அரை மணி நேர வெல்டிங்குக்கு மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. உள்ளே இருப்பது காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவி, ஒரு பொறி போதும், வெடிக்கும். வாசனை போய்விட்டது என்பதும் நம்பத் தகுந்ததல்ல. துருவுக்குள்ளும் ஜாயின்ட் மடிப்பிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல் சூடு பட்டதும் ஆவியாகி வெளியே வரும்.

செய்ய வேண்டிய முறை இது. டேங்க்கைக் கழற்றி, டேப்பை எடுத்து, அந்தத் துளையை அடைத்து, சலவை சோடா கரைத்த சுடுதண்ணீரில் நாலைந்து முறை குலுக்கிக் கழுவ வேண்டும். பெயிண்டின் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றிப் பசை நாடா ஒட்டுங்கள். பிறகு லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த சுடுதண்ணீரை நிரப்பி ஒரு ராத்திரி விடுங்கள். கக்கூஸ் ஆசிட் வேண்டாம், அது நல்ல தகட்டையும் தின்னும். துரு கெட்டியாக இருந்தால் ஒரு மீட்டர் பழைய சைக்கிள் செயினை உள்ளே விட்டுக் குலுக்குங்கள். நட்டு போட்டால் மூலையில் சிக்கும். செயினை முனை பிடித்து இழுத்துவிடலாம். ஆசிட்டைக் கொட்டியதும் சமையல் சோடா தண்ணீரில் அலசி, உடனே ப்ளோயரில் உலர்த்துங்கள். கொஞ்சம் தாமதித்தாலும் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்துவிடும்.

இப்போது புதிய ஓட்டைகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இதுவரை துரு அடைத்து வைத்திருந்தவை அவை.

ஊசி ஓட்டைக்கு ஈயப்பற்று போதும், சூடு குறைவு என்பதால் கோடும் தப்பும். டேங்க்கைக் கவிழ்த்து வாயை அடைத்து, ஓட்டைக்கு ஒரு அங்குலம் கீழே வரை தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள். ஆவி தங்க அதிக இடம் இருக்காது. டேப் துளை திறந்தே இருக்கட்டும். சுற்றிலும் ஈரத்துணி போடலாம். மவுன்டிங் பட்டை அருகே விரிசல் என்றால் ஈயம் அதிர்வில் விட்டுவிடும். அதற்குப் பித்தளை வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தித் தகடு அமுங்கினால், டிங்கர் கடையில் அடிப்பகுதியை மட்டும் வெட்டிப் புதுத் தகடு வைக்கலாம். அப்போதும் மேல்பாதி உங்கள் அப்பா ஓட்டிய டேங்க்தான்.

கேள்வி: கசிவை அடைக்க டேங்க்குக்குள் லைனர் (உட்பூச்சு) ஊற்றினேன். மூன்றே மாதத்தில் தோல் தோலாக உரிந்து கார்புரேட்டரை அடைக்கிறது. கடைக்காரர் பொறுப்பில்லை என்கிறார். (வாசகி, ஈரோடு)

பதில்: லைனர் உரிய முக்கியக் காரணம் துரு, எண்ணெய் அல்லது ஈரத்தின் மேல் ஊற்றியது. எத்தனால் தாங்காத ரகமும் இளகிவிடும். டப்பாவில் எத்தனால் தாங்கும் என்று எழுதியிருக்கும் இரண்டு பகுதி எபாக்சியை வாங்குங்கள். ஊற்றிச் சுழற்றிய பின் மிச்சத்தை முழுதாக வடிக்க வேண்டும். தேங்கினால் அந்த இடம் காயாது. டப்பாவில் சொன்ன நாட்கள் முழுதும் காயும் முன் பெட்ரோல் ஊற்றக் கூடாது.

கடைக்காரரே பூசிக் கொடுத்து, பில்லும் இருந்தால் அது சேவைக் குறைபாடு. முதலில் எழுத்தில் கேளுங்கள், உரிந்த தோலைப் படமெடுத்து வையுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். நீங்கள் கடைக்காரருக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: புதுப்பேட்டையில் பழைய டேங்க் வாங்கும்போது எதைப் பார்ப்பது? (வாசகர், ஆவடி)

பதில்: துணி சுற்றிய காந்தத்தை அடிப்பகுதி முழுதும் நகர்த்துங்கள். பிடி விடும் இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பட்டி இருக்கிறது. எல்ஈடி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தீக்குச்சி கிட்டவே வரக் கூடாது. உங்கள் மூடியும் டேப்பும் சேருகிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள். கடைக்காரர் சம்மதித்தால் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுக் காசு கொடுங்கள்.