பொடி மீன் துள்ளுகிறது, கொடுவா லூரைத் தொடவில்லை: என்ன செய்வது?

கேள்வி: ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறேன். விடியற்காலையில் முட்டுக்காடு கழிமுகத்தில் லூர் (மீன் மாதிரி செய்த செயற்கை இரை) போடுவேன். மேல்தண்ணீரில் விரல் நீள மடவைக் குஞ்சுகள் கூட்டமாகத் துள்ளுகின்றன. நடுநடுவே ‘டொப்’ என்று கொடுவா அடிக்கும் சத்தமும் கேட்கிறது. பாஸ் மீன் பிடிக்கும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து 12 சென்டிமீட்டர் பாப்பர் (மேல்தண்ணீரில் சத்தம் போட்டு வரும் லூர்) வாங்கினேன். ஒன்றிரண்டு மீன் பின்னால் வந்து திரும்பியதோடு சரி. எந்த லூர் வாங்கலாம்?

பதில்: பாப்பரில் குறை இல்லை. அது பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். விரல் நீள இரையை வயிறு முட்டத் தின்றுகொண்டிருக்கும் மீன் முன்னால் இரண்டு மடங்கு பெரிய ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தால், வந்து பார்க்கும், கடிக்காது. லூர் எடுக்கும்போது முதலில் அளவு, அப்புறம் ஆழம், கடைசியாகத்தான் நிறம். கடையில் பலரும் நிறத்தில் ஆரம்பிக்கிறார்கள்.

அந்த வீடியோக்களைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் வரும் லார்ஜ்மவுத் பாஸ் நன்னீர் மீன். ஆங்கிலத்தில் கொடுவாவையும் பாஸ் என்கிறார்களே தவிர இரண்டும் வேறு வேறு குடும்பம். அங்கே அது துரத்தித் தின்னும் ஷாட் என்பது நம் சாளை வகையறா, பக்கவாட்டில் தட்டையாக, வயிறு அகலமாக இருக்கும். அதனால் அவர்கள் லூரும் அகலம். மடவையோ உருண்டு நீண்ட உடம்பு. முட்டுக்காட்டில் மடவை ஓடும்போது ஒல்லியான பென்சில் (குச்சி மாதிரி லூர்), மின்னோ (நீண்ட பொடி மீன் வடிவ லூர்) வகைகள்தான் பொருந்தும். காரைப்பொடி கூட்டம் ஓடினால் மட்டும் அகலமான லூர் எடுங்கள்.

லூரை மாற்றுமுன் தண்ணீரை ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். மடவை காரணமே இல்லாமலும் துள்ளும். ஒன்று இங்கே, ஒன்று அங்கே, நேராக மேலே எழும்பி விழுந்தால் அதை நம்பாதீர்கள். இருபது முப்பது குஞ்சு ஒரே நேரத்தில் ஒரே பக்கமாகச் சிதறினால்தான் கீழே வேட்டை. எங்கிருந்து சிதறுகின்றன என்று பாருங்கள். பாலத் தூண், கரையோரக் கல், ஆழம் சட்டென்று மாறும் இடம், இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். கொடுவா தூர ஓடித் துரத்துவதை விட மறைவில் நின்று அடிப்பதுதான் வழக்கம்.

சரி, அளவு. துள்ளும் குஞ்சு 6 சென்டிமீட்டர் என்றால் 7 சென்டிமீட்டர் லூர் போதும். அதற்கு மேல் போகாதீர்கள். இவ்வளவு சின்ன லூரை எப்படித் தூரம் வீசுவது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் சிங்கிங் பென்சில், அதாவது தண்ணீரில் மூழ்கும் பென்சில். நீளம் குறைவு, ஆனால் 10, 12 கிராம் எடை இருப்பதால் எதிர்காற்றிலும் போகும். முதலில் அதை வாங்குங்கள். இரண்டாவது, 3 இஞ்ச் பேடில்-டெயில் சாஃப்ட் பிளாஸ்டிக் (துடுப்பு மாதிரி வாலாட்டும் ரப்பர் மீன்), 5 முதல் 7 கிராம் ஜிக் ஹெட்டோடு (எடை கோத்த முள்). விலையும் குறைவு. பாலத் தூண் சிப்பியில் மாட்டிப் போனாலும் மனசு வலிக்காது.

ஆழத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பொடி மீன் மேலே இருப்பதால் கொடுவாவும் மேலேயே இருக்கிறது என்று நினைக்கிறோம். அது கீழே நிற்கிறது. வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சும்போது வருவதுதான் அந்த ‘டொப்’. மேலே வருவது அந்த ஒரு நொடிதான். அதனால் லூர் கூட்டத்துக்கு ஓரடி, இரண்டடி கீழே ஓட வேண்டும். கூட்டத்தின் நடுவில் வீசினால் ஆயிரம் குஞ்சில் உங்களுடையது ஒன்று, யார் கண்டுகொள்வார்கள்? கூட்டத்தைத் தாண்டி வீசி, ஓரமாகக் கொண்டு வாருங்கள். ரீலை இரண்டு சுற்று சுற்றி நிறுத்துங்கள், லூர் மெல்லத் தாழட்டும், மறுபடி ஒரு சுண்டு. கூட்டத்தை விட்டுத் தனியாக, அடிபட்டுத் தடுமாறும் குஞ்சு மாதிரி இருக்க வேண்டும். கடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் விழும்.

அப்படியானால் மேல்தண்ணீர் லூரே வேண்டாமா? வேண்டும், வெளிச்சம் குறைவாக இருக்கும்போது. அப்போதும் சின்ன பென்சிலை இடவலமாக ஆட்டி வருவது, பாப்பரைக் குதறுவதை விட மேல் என்பது என் கட்சி. தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தால் பாப்பர் சத்தமே மீனை விரட்டிவிடும். காற்றில் அலை கலைந்திருந்தால் கொஞ்சம் சத்தம் பரவாயில்லை. மேலே அடி விழுந்ததும் பதறி ராடை (தூண்டில் கம்பை) இழுக்காதீர்கள். சத்தத்துக்கு இழுத்தால் லூர் உங்கள் முகத்துக்கு வரும். எடை கையில் தெரிந்த பிறகு இழுங்கள்.

நிறத்துக்கு நீண்ட பேச்சு தேவையில்லை. விடியுமுன் கறுப்பு அல்லது அடர் நிறம். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்துக்கு எதிரே தெரிவது நிழலுருதான். வெயில் ஏறிய பின் முதுகு பச்சை, வயிறு வெள்ளி. மழைக்குப் பின் கலங்கல் தண்ணீர் என்றால் வெள்ளை அல்லது எலுமிச்சைப் பச்சை.

சின்ன லூர் என்பதற்காக லைனை மெலிதாக்கிவிடாதீர்கள். கொடுவாவுக்குக் கூரிய பல் இல்லை, ஆனால் வாய் சொரசொரவென்று உப்புத்தாள் போல இருக்கும். செவுள் மூடியின் ஓரம் பிளேடு. 15 முதல் 20 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய லைன்), அதன் முனையில் இரண்டடி 30 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (லூருக்கு முன் கட்டும் உராய்வு தாங்கும் லைன்). தூண் பக்கம் என்றால் 40. லூரோடு வரும் மெல்லிய ட்ரெபிள் (மூன்று கொக்கி) முள்ளைப் பெரிய கொடுவா நிமிர்த்திவிடும், மாற்றிவிடுங்கள். ஆனால் சஸ்பெண்டிங் மின்னோவில் (நிறுத்தினால் நடுத்தண்ணீரில் அப்படியே நிற்கும் வகை) கனமான முள் போட்டால் அது நிற்காமல் மூழ்கும். வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, விடியலை விட நீரோட்டத்துக்கு நான் அதிக மதிப்பு தருவேன். முகத்துவாரம் திறந்திருக்கும் மாதங்களில், ஏற்றம் முடிந்து தண்ணீர் கடலை நோக்கி வடியத் தொடங்கும்போது குஞ்சுகள் பாலத்தடி வழியாக இழுபட்டு வரும். தூணுக்குப் பின்னால், ஓட்டம் மந்தமாக இருக்கும் இடத்தில் கொடுவா காத்திருக்கும். லூரை ஓட்டம் வரும் பக்கம் வீசி, ஓட்டத்தோடு வரவிடுங்கள். குஞ்சு ஓட்டத்தை எதிர்த்துக் கொடுவா வாய்க்குப் போகாது. கோடையில் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் ஏற்ற வற்றம் பெயருக்குத்தான். அப்போது அந்தி, விடியல் இரண்டையும் நம்புங்கள். உள்ளூர் மீனவர்கள் வலை கட்டியிருக்கும் பக்கம் வீச வேண்டாம், வலையில் மாட்டும் ட்ரெபிள் முள் அவர்கள் பிழைப்பைக் கிழிக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன். உங்கள் லூரில் வரும் மிகப் பெரியது அநேகமாகச் சினைக்குப் போகும் பெண். வீட்டுக்குக் குழம்புக்கு நடுத்தரமாக ஒன்று எடுத்துக்கொண்டு, பெரியதை விட்டுவிடுங்கள். விடப்போகும் மீனைத் தாடையில் மட்டும் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. வயிற்றடியில் ஈரக் கையால் தாங்கி, தலையை ஓட்டம் வரும் பக்கம் திருப்பி, அதுவாக உதறிக்கொண்டு போகும்வரை பிடித்திருங்கள்.